இருளில் ஒளி சேர்ப்போர்

கோலாலம்பூர் போன்ற பெருநகரில் இரவு பத்து மணிக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு நிலாவும் இரண்டொரு கோள்களும் சில விண்மீன்களும் மட்டுமே தென்படும். அதே வானத்தை நோக்கி ஒரு படக்கருவியை முக்காலியில் பொருத்திச் சில நொடிகள் திறந்து வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத பல விண்மீன்கள் படத்தில் பதிந்திருக்கும். முதன்முறை இவ்வாறு படமெடுத்துப் பார்ப்பவர், ‘இவை இத்தனை நேரம் எங்கே இருந்தன?’ என்று வியப்பார். வானத்தைப் படம்பிடிக்கும் பொழுதுபோக்கு பலருக்கு இந்த வியப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இப்பொழுதுபோக்கில் ஈடுபட வானியல் பட்டம் தேவையில்லை. மருத்துவர், பொறியாளர், கணினி வல்லுநர், பூட்டு சாவித் தொழிலாளர் எனப் பல துறையினர் தங்கள் ஓய்வு நேரத்தில் இதனைச் செய்து வந்துள்ளனர். அவர்களுள் சிலருடைய படங்கள் அறிவியலுக்கே புதிய செய்தியைத் தந்துள்ளன. பொறுமையும் எடுத்த படத்தை உள்ளபடியே பதிவுசெய்யும் நேர்மையும் அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட பண்புகள்.

கண்ணும் கருவியும்

கூரையிலிருந்து சொட்டும் மழைநீரை வெறுங்கையில் ஏந்தினால், விரலிடுக்கு வழியே அது ஒழுகிவிடும். ஒரு வாளியை வைத்துக் காத்திருந்தால், சொட்டுச் சொட்டாக விழும் நீரே வாளியை நிரப்பிவிடும். விண்மீனின் ஒளியைப் பெறுவதில் கண்ணுக்கும் படக்கருவிக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. கண் தான் பெற்ற ஒளியை நெடுநேரம் சேர்த்துவைப்பதில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு காட்சியை விட்டு அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறது. படக்கருவியின் உணரியோ திறந்திருக்கும் நேரம் முழுவதும் தன்மேல் விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே, மங்கலான பொருளும் நேரம் செல்லச் செல்லத் தெளிவு பெறுகிறது.

ஆயினும், படக்கருவியை விருப்பம்போல் நெடுநேரம் திறந்து வைக்க இயலாது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகின்றன. நேரம் மிகுந்தால் புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன் கோடாக நீண்டுவிடும். இதற்குப் படமெடுப்போர் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகின்றனர். 500 என்னும் எண்ணைப் படக்கருவி வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்பது ஏறத்தாழத் தெரியும். குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்றால் 20 நொடி கிடைக்கும். சிறிய உணரி கொண்ட படக்கருவிகளுக்கு இந்நேரம் இன்னும் குறையும்.

குறுகிய நேரத்தில் போதிய ஒளி சேராதபோது, ஒரே இடத்தைப் பலமுறை படமெடுத்து, அப்படங்களைக் கணினியின் உதவியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். ஒவ்வொரு படத்திலும் விண்மீன் அதே இடத்தில் இருக்கும். படத்தைக் கெடுக்கும் புள்ளிகளோ படத்திற்குப் படம் இடம் மாறும். எனவே, நூறு படங்களை அடுக்கிச் சராசரி கண்டால், அந்தத் தேவையற்ற புள்ளிகளின் அளவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மருத்துவரும் பொறியாளரும்

வானத்தைப் படம்பிடிக்கும் முயற்சி ஏறத்தாழப் படக்கலையின் வயதை ஒத்தது. 1840இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நிலாவைப் படமெடுத்தார். அவருடைய மகன் ஹென்றி டிரேப்பர் மருத்துவம் பயின்றவர். ஓய்வு நேரத்தில் வானியலில் ஈடுபட்டவர். 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், அவர் ஓரியன் நெபுலா எனப்படும் ஒளிமுகிலைத் தம் தொலைநோக்கி வழியாக 51 நிமிடம் படமெடுத்தார். ஒளிமுகில் ஒன்று படத்தில் பதிவானது அதுவே முதன்முறை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ காமன் அதே ஒளிமுகிலை இன்னும் தெளிவாகப் படமெடுத்தார். கழிவுநீர், துப்புரவு ஆகிய துறைகளில் பணியாற்றிய பொறியாளர் அவர். இலண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் பெரிய தொலைநோக்கியை நிறுவியிருந்தார். தொலைநோக்கி வழியே பார்த்த கண்ணுக்கும் தெரியாத விண்மீன்கள் அவருடைய படத்தில் பதிந்திருந்தன. அதுவரை படம் என்பது கண் கண்டதன் நகலாகவே கருதப்பட்டது. கண்ணால் காண முடியாததையும் படம் காட்டும் என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

ரொசாரியோ நகரத்து மொட்டைமாடி

நகரின் வெளிச்சத்தில் வானத்தைப் படமெடுத்து என்ன பயன் என்று சோர்வடைவோர் உண்டு. அத்தகையோர் விக்டர் பூசோவைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. அவர் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா நாட்டிலுள்ள ரொசாரியோ என்னும் பெரிய நகரில் வாழ்பவர். பூட்டு சாவித் தொழில் செய்தவர். வானியல்மீது கொண்ட ஆர்வத்தால் தம் வீட்டின் மேல்மாடியில் ஒரு சிறு வானாய்வுக் கூடத்தை அமைத்திருந்தார்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, அவர் தம் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய படக்கருவி ஒன்றைப் பொருத்திச் சோதித்துப் பார்க்க விரும்பினார். தலைக்கு மேலே உயரத்தில் இருந்த என்ஜிசி 613 என்னும் விண்மீன் மண்டலத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தார். அது பூமியிலிருந்து ஏறத்தாழ 80 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. நகர வெளிச்சம் படத்தை வெளுக்கச் செய்துவிடும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் 20 நொடி மட்டுமே எடுத்தார். இவ்வாறு பல படங்களை அடுத்தடுத்து எடுத்தார்.

முதலில் எடுத்த படங்களில் விண்மீன் மண்டலம் மட்டுமே இருந்தது. சிறிது நேரம் கழித்து எடுத்த படங்களில் அதன் ஓரத்தில் ஒரு புதிய புள்ளி தெரிந்தது. அடுத்தடுத்த படங்களில் அதன் ஒளி கூடிக்கொண்டே சென்றது. பூசோ அதனைப் படக்கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடவில்லை. மற்றொரு வானியல் ஆர்வலரின் துணையுடன் வானியல் அறிஞர்களுக்கு விரைந்து செய்தி அனுப்பினார். உலகின் பெரிய தொலைநோக்கிகள் அந்த விண்மீன் மண்டலத்தை நோக்கித் திரும்பின.

அவர் கண்டது ஒரு பெரிய விண்மீன் வெடித்து, அந்த வெடிப்பின் ஒளி முதன்முதலாக வெளியே தோன்றிய நேரம். விண்மீன் எப்போது வெடிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, வெடிப்பு நிகழ்ந்து சில மணி நேரமோ சில நாள்களோ கழிந்த பின்னரே அறிஞர்கள் அதனைக் காண்பது வழக்கம். தொடக்க ஒளியைத் தற்செயலாகப் படம்பிடிக்கும் வாய்ப்பு பத்து மில்லியனில் ஒன்றாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கலாம் என்று கணித்தனர். 2018இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் பூசோவும் ஒருவராக இடம்பெற்றார்.

இங்கே நல்வாய்ப்புக்குப் பங்கு இருந்தது உண்மை. எனினும், அன்றிரவு அவர் ஒரே ஒரு படத்துடன் நிறுத்தியிருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். முன்னர் எடுத்த படங்களில் புள்ளி இல்லை; பின்னர் எடுத்தவற்றில் உண்டு. இந்த வேறுபாடே வெடிப்பின் தொடக்க நேரத்தை அறிஞர்கள் கணிக்க உதவியது.

வியாழனில் ஒரு கரும்புள்ளி

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அந்தோணி வெஸ்லி என்னும் கணினி நிரலாளர், கன்பராவுக்கு வடக்கேயுள்ள முரம்பேட்மன் என்ற சிற்றூரில் தம் வீட்டிலிருந்து வியாழன் கோளைத் தொடர்ந்து படமெடுத்து வந்தார். 2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இரவு வானம் தெளிவாக இல்லை. அன்றைய பணியை முடித்துக்கொள்ள எண்ணிய அவர், சற்று ஓய்வெடுத்த பின் மீண்டும் தொலைநோக்கியிடம் வந்தார். அப்போது வியாழனின் தென்துருவத்திற்கு அருகில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்.

அது வியாழனின் துணைக்கோள் ஒன்றின் நிழலாக இருக்கலாமோ என்று அவர் முதலில் எண்ணினார். ஆனால், அந்த இடத்தில் நிழல் விழ வேண்டிய நேரம் அது அன்று. இரண்டு நாளுக்கு முன்னர் எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் அந்தப் புள்ளி இல்லை. உடனே அறிஞர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஹவாயில் உள்ள நாசாவின் தொலைநோக்கி, வியாழன்மீது ஏதோ ஒரு விண்பொருள் மோதியுள்ளதை உறுதிசெய்தது. மோதிய தழும்பு பசிபிக் பெருங்கடல் அளவுக்குப் பரந்திருந்தது. சில நாள்களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதனைப் படமெடுத்தது.

பெரிய தொலைநோக்கிகள் எல்லாக் கோள்களையும் எல்லா இரவும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவற்றின் ஒவ்வொரு மணி நேரமும் முன்கூட்டியே ஆய்வாளர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். வீட்டுத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் விழித்திருக்கும் ஆர்வலர்களே அந்த இடைவெளியை நிரப்புகின்றனர்.

மலேசிய வானம்

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் வாழ்வோருக்கு வானம் ஒரு தனிப்பேற்றை வழங்கியுள்ளது. இங்கிருந்து வடவானத்தையும் தென்வானத்தையும் ஒருங்கே காணலாம். மே மாத முன்னிரவில் வடக்கே எழுமீன் கூட்டமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே நேரத்தில் தெரியும். ஐரோப்பாவில் வாழ்வோர் தென்சிலுவையைத் தம் நாட்டிலிருந்து காண முடியாது.

தமிழர்கள் பெயரிட்டு வழங்கும் விண்மீன்களையும் இங்கே எளிதில் படமெடுக்கலாம். டிசம்பர் முதல் மார்ச்சு வரை முன்னிரவில் ஓரியன் விண்மீன் கூட்டம் உயரத்தில் தெரியும். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களே அதன் அடையாளம். அதிலுள்ள செந்நிற விண்மீன் திருவாதிரை. அருகில் சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. கண்ணுக்கு ஆறு விண்மீன்களாகத் தோன்றும் கார்த்திகையில், 20 நொடிப் படம் இன்னும் பலவற்றைக் காட்டும்.

விண்மீன்களின் பாதையைப் படமெடுப்பதிலும் இவ்வட்டாரத்திற்குத் தனித்தன்மை உண்டு. படக்கருவியைக் கிழக்கு நோக்கி வைத்து ஒரு மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து அடுக்கினால், விண்மீன்கள் அடிவானிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக எழும் கோடுகளாகத் தெரியும். வடக்கு நோக்கி வைத்தால், அடிவானில் உள்ள துருவ விண்மீனைச் சுற்றி அரைவட்டங்கள் தோன்றும்.

தொடக்க நிலையில் விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நொடிக்கணக்கை மாற்றும் வசதியுள்ள கைப்பேசி, ஆட்டமில்லாத முக்காலி, தொடாமலே படமெடுக்க உதவும் நேரங்காட்டி ஆகியவை போதும். விரல் பட்ட சிறு அதிர்வும் விண்மீனைக் கோடாக்கிவிடும். முதலில் நிலாவைப் படமெடுத்துப் பழகலாம். நிலா, சூரிய ஒளி படும் பாறை நிலம். ஆகவே, அதற்கு இரவுக்குரிய நீண்ட நேரம் தேவையில்லை. நொடியில் நூறில் ஒரு பங்கே போதும். கைப்பேசி கருவானத்தைக் கணக்கில் கொண்டு ஒளியைக் கூட்டிவிடுவதால், நிலா வெறும் வெள்ளை வட்டமாகப் பதிகிறது. திரையில் ஒளியளவைக் குறைத்தால் மேடுபள்ளங்கள் தெரியும்.

மலேசியாவில் முகில், மழை, புகைமூட்டம், வில்லையில் படியும் ஈரம், கொசுக்கடி ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. பத்து இரவுகள் திட்டமிட்டால் மூன்று இரவுகளில் மட்டுமே வானம் திறந்து வழிவிடக் கூடும். அதனால்தான் இக்கலையில் தேர்ந்தோர் கருவியைவிடக் காத்திருக்கும் பழக்கத்தையே பெரிதாகக் கருதுகின்றனர்.

கிரகணமும் கவனமும்

கிரகணங்கள் படமெடுப்போரைக் கவரும் நிகழ்வுகள். 2022ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மாலை, கோலாலம்பூரில் நிலா எழும்போதே முழுச் சந்திர கிரகணத்தில் மூழ்கியிருந்தது. அத்தகைய நேரத்தில் நிலா மறைவதில்லை. செம்பு நிறம் கொள்கிறது. பூமியின் காற்றுமண்டலம் சூரியனின் செந்நிற ஒளியை வளைத்து நிலாவின்மீது விழச் செய்வதே அதற்குக் காரணம். அப்போது ஒளி மிகவும் குறைந்துவிடுவதால், முழுநிலாவுக்குப் போதுமான நேரம் போதாது. ஒரு நொடிக்கு மேலும் தேவைப்படலாம். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதால் தீங்கில்லை.

சூரிய கிரகணம் அத்தகையதன்று. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம் கோயம்புத்தூர், திருச்சி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களைக் காலையில் கடந்து, ஒன்றரை மணி நேரத்திற்குள் ஜொகூரையும் சிங்கப்பூரையும் வந்தடைந்தது. பிற்பகல் 1.20 மணியைக் கடந்ததும், சிங்கப்பூரில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் சூரியன் நெருப்பு வளையமாகக் காட்சியளித்தது. சிங்கப்பூரில் அடுத்த வளையக் கிரகணம் 2063ஆம் ஆண்டில்தான் தெரியும்.

இத்தகைய அரிய காட்சியைக் கண்டதும் படமெடுக்கத் துடிப்பது இயல்பே. ஆனால், வளையமாகத் தெரியும் சூரியனும் கண்ணைக் கெடுக்கும். விழித்திரைக்கு வலி உணரும் நரம்புகள் இல்லை. அது கருகும்போது வலிக்காது. எனவே, தரச்சான்று பெற்ற சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கி அல்லது படக்கருவியின் முன்புறத்தில் பொருத்த வேண்டும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கி வழியாகப் பார்ப்பது ஆபத்தானது; குவிந்து வரும் வெப்பம் அக்கண்ணாடியைத் துளைத்துவிடும். குளிர்கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள் ஆகியவையும் பாதுகாப்பு அளிக்கமாட்டா. தக்க வடிகட்டி கிடைக்காதவர், அட்டையில் ஊசித்துளை இட்டு, அதன் வழியே நிழலில் விழும் சிறிய பிறைகளைப் படமெடுக்கலாம். மரத்தின் இலையிடுக்குகளே தரையில் நூற்றுக்கணக்கான பிறைகளை வரைந்து காட்டும்.

படத்தில் உண்மை

இன்று சில கைப்பேசிகளின் மென்பொருள் நிலாவின் படத்தைத் தானாகவே மெருகேற்றிவிடுகிறது. மலைமேல் பெரிய நிலா தோன்றுவதுபோல் இரண்டு படங்களை ஒட்டுவதும் எளிதாகிவிட்டது. அழகுக்காக அவ்வாறு செய்வது குற்றமன்று. அதை மறைத்து, ஒரே நேரத்தில் எடுத்த படம் என்று பிறருக்குக் காட்டுவதே தவறு.

படங்களை அடுக்குவதும் ஒட்டுவதும் ஒன்றல்ல. அடுக்கும்போது வானிலிருந்து வந்த ஒளியே கூடுகிறது. ஒட்டும்போது அங்கே இல்லாத ஒன்று புகுத்தப்படுகிறது. அதனால், நல்ல படக்கலைஞர்கள் நாள், நேரம், இடம், திறந்து வைத்த நொடிகள், அடுக்கிய படங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொரு படத்தோடும் குறித்து வைக்கின்றனர். மூலப்படங்களையும் அழிப்பதில்லை. வெஸ்லியின் ஐயத்தைத் தீர்த்தவை அவர் நாள் குறித்துச் சேமித்திருந்த பழைய படங்களே. பூசோவின் படங்கள் சான்றாக ஏற்கப்பட்டதும் அவற்றில் எதுவும் கூட்டப்படாமலும் நீக்கப்படாமலும் இருந்ததால்தான்.

இருளைக் காத்தல்

வானத்தைப் படமெடுப்போரின் முதன்மைக் கவலை ஒளி மாசு. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கிச் சிதறவிடும் ஒளி, வானத்தையே வெளுக்கச் செய்கிறது. 2016இல் வெளியிடப்பட்ட உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானோர் வாழும் இடங்களில் பால்வெளி தெரிவதில்லை. அதே ஆய்வு, மிகுந்த ஒளி மாசுள்ள நாடாகச் சிங்கப்பூரைக் குறிப்பிட்டது. அங்கு வாழ்வோரின் கண்கள் இரவுப் பார்வைக்கு முழுமையாகப் பழகும் அளவுக்கு வானம் இருள்வதில்லை.

தமிழர் திருமணத்தில் மணமகளுக்கு அருந்ததியைக் காட்டும் வழக்கம் உண்டு. எழுமீன் கூட்டத்தில் வசிட்டர் எனப்படும் விண்மீனின் அருகில் மங்கலாக மின்னுவது அருந்ததி. பெருநகர வெளிச்சத்தில் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிவிட்டது. பெயரும் சடங்கும் நிலைத்திருக்க, விண்மீன் கண்ணிலிருந்து மறைந்து வருகிறது.

ஒளி மாசு, மற்ற மாசுகளைப் போல் நெடுங்காலம் தங்குவதில்லை. விளக்கை அணைத்த அந்த நொடியிலேயே அதனால் விளைந்த மாசும் நீங்கிவிடும். ஒளி கீழ்நோக்கி மட்டுமே விழுமாறு விளக்குகளுக்கு மூடி இடலாம். தேவையற்ற நேரத்தில் விளம்பர விளக்குகளை அணைக்கலாம். பள்ளி வளாகங்களிலும் குடியிருப்புகளிலும் இதனைச் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது.

விளக்கை அணைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நொடிக்கணக்கில் இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடுதலாகத் தெரியும் விண்மீன்களை எண்ணிக் குறித்து வைக்கலாம். ஒரு பள்ளி மாணவரும் அடுத்த தெளிந்த இரவிலேயே செய்யக்கூடிய ஆய்வு இது. அந்தப் படங்களைக் கொண்டே தம் குடியிருப்பினரிடம் விளக்குகளைப் பற்றிப் பேசவும் முடியும்.